எட்டிப் பார்த்த பித்தளை

அளவு பார்ப்பது என் தொழில். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டை எஸ்டேட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டினாற்போல் இருக்கும் மணவாளன் முதலாளியின் பட்டறையில் பதினெட்டு வருடமாக நான்தான் தரக்கட்டுப்பாடு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டு, அந்தப் பங்கில் (புள்ளி என்போம்) சில கூடினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் தள்ளி வைத்துவிடுவேன். என் இடுப்பளவு மட்டும் ஐந்து வருடமாக முப்பத்தாறு என்றே நம்பி வருகிறேன். அதை அளக்க யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை.

நாங்கள் செய்வது டம்மி தோட்டா. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறவர்கள் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு எடுக்கப் பழகுவதற்கானது. மருந்து கிடையாது, வெடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொரட்டூர் மாதா கோயில் வாசலில் யாரோ விசாரித்தபோது என் மனைவி ஞானகுமாரி, “எங்க வீட்டுக்காரர் டம்மி…” என்று ஆரம்பித்தாளாம். மிச்சத்தைச் சொல்வதற்குள் நாலு பெண்கள் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டார்களாம்.

வெடிக்காவிட்டாலும் அளவு தப்பக் கூடாது. தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே போகப் போக பாட்டில் கழுத்து மாதிரி ஒடுங்கும். ஒடுங்க ஆரம்பிக்கும் அந்தச் சரிவுக்குத் தோள் என்று பெயர். துப்பாக்கியின் உள்ளறையிலும் அதற்குச் சரியாக ஒரு சரிவு உண்டு. இரண்டும் பொருந்தி உட்கார வேண்டும். கூட்டின் தோள் உயர்ந்தால் தோட்டா முழுசாக உள்ளே போகாது, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடாது. தோள் தாழ்ந்தால் உள்ளே போய் லொடலொடக்கும். இதைச் சோதிக்க என்னிடம் ஓர் எஃகு உருளை இருக்கிறது. துப்பாக்கியின் அறை எப்படியோ அப்படியே அதன் உட்புறத்தைக் குடைந்திருக்கும். கேஜ் என்போம். கூட்டை உள்ளே விட்டால் அதன் அடிப்பாகம் உருளையின் விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். எட்டிப் பார்த்தால் ரிஜெக்ட்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பட்டறை திறந்த அன்று காலை, இருநூறு கூடுகளும் எட்டிப் பார்த்தன.

அவற்றைச் செய்தவள் பானுப்பிரியா. திருமழிசையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பித்தளையை அச்சில் வைத்து அழுத்தி, தோளும் கழுத்தும் கொண்டுவரும் பிரஸ் அவள் பொறுப்பு. ஆறு மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. மதியம் மூன்று மணிக்குப் பயிற்சிப் பள்ளியின் ஆய்வாளர் வருவார். இந்த இருநூறு பாஸானால் பானுப்பிரியாவுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம். இதை முதலாளி அவளிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று, ஏதோ நானே எழுதிய சட்டம் போலத் தலையாட்டினேன்.

“எல்லாம் ஒம்போது புள்ளி தூக்கிகினு நிக்குதும்மா,” என்றேன்.

“இல்ல சார். பூஜைக்கு முன்னாடி வச்ச அதே செட்டிங்கு. நான் கையே வைக்கல.”

“கேஜ் பொய் சொல்லாது.”

இந்த வாக்கியத்தைப் பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்வேன். அது எனக்கு நன்றாக இருக்கும் என்று ஓர் எண்ணம்.

பிறகு காரணம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். பித்தளையைப் பழுக்கக் காய்ச்சாமல் அழுத்தியிருப்பாள், விறைப்பான பித்தளை அழுத்தினாலும் மறுபடி எழும்பும் என்றேன். சூளைச் சீட்டைக் காட்டினாள். சரியாகத்தான் காய்ச்சியிருந்தாள். அப்படியானால் கூட்டின் வாயில் பிசிறு இருக்கும் என்றேன். லென்ஸ் வைத்துப் பார்த்தோம், பிசிறு இல்லை. அப்படியானால் கவனக்குறைவு என்றேன். அதைப் பார்க்க லென்ஸ் கிடையாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. பதினோரு மணிக்கு அறிக்கை எழுதி மாடிக்கு அனுப்பினேன். காரணம்: ஆப்பரேட்டர் கவனக்குறைவு. பெயர்: பானுப்பிரியா.

“அச்சை இன்னும் கொஞ்சம் எறக்கு. தோளு தானா தணியும்,” என்றேன்.

இறக்கினாள். புதிதாகப் பத்து கூடு அழுத்தினாள். எட்டிப் பார்த்தன. மறுபடி இறக்கினாள். கொஞ்சம் குறைவாக எட்டிப் பார்த்தன. லேத்தில் நின்றிருந்த ஃபோர்மேன் உத்தமனுக்குப் பொழுது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

“இன்னா அண்ணாத்தே, அந்தப் பொண்ண எறக்கு எறக்குன்னு கெணறு தோண்ட வுடுற? தண்ணி வந்தா சொல்லு, எனக்கு ஒரு கொடம்.”

“உன் வேலையப் பாருடா.”

“என் வேலை ஓடிகினு கீது. உன் வேலைதான் நின்னுகினு கீது.”

நாலாவது தடவை இறக்கியதும் கூடுகள் விளிம்புக்குச் சமமாக நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பச்சைச் சீட்டை எடுத்து நானே கட்டினேன். மீதியையும் இப்படியே அழுத்தித் தள்ளிவிட்டால் மூன்று மணிக்குள் முடிந்துவிடும், அறிக்கையையும் மனசு வைத்து மென்மையாக்கிவிடலாம் என்று என் கருணையை நானே மெச்சிக்கொண்டேன்.

பானுப்பிரியா மட்டும் பிரஸ்ஸைத் தொடாமல் நின்றாள்.

“சார், இதுக்கு மேல எறக்குனா அச்சு அடில போய் முட்டும். ஆறு மாசத்துல இவ்ளோ கீழ வந்ததே இல்ல. இந்தப் பித்தள குள்ளமா பூட்சுன்னு தோணுது.”

“கேஜ்தான் சரின்னு சொல்லுதே.”

அவள் நேராக உத்தமனிடம் போனாள். அவன் வண்டிச் சாவி ஒரு டம்மி தோட்டாவில் கோத்துத் தொங்கும். ஆகஸ்ட் மாதத் தவணையில் மிச்சம் வந்த ஒன்றை ஆசைப்பட்டு எடுத்து ஓட்டை போட்டுக்கொண்டது. அந்தத் தவணை முழுவதையும் பாஸ் போட்டவன் நான். பள்ளியும் ஏற்றுக்கொண்ட சரக்கு.

“அண்ணே, அத்த கொஞ்சம் கயட்டிக் குடுங்க.”

“வண்டிய தள்ளிகினு போகச் சொல்றியா?” என்றாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு டீக்குப் போனான்.

அவள் அதை என் கேஜுக்குள் விட்டாள்.

எட்டிப் பார்த்தது. அதே ஒன்பது புள்ளி.

ஆகஸ்டில் சமமாக நின்ற பித்தளை அக்டோபரில் வளர்ந்திருக்க முடியாது. நான் வளர்வேன், தீபாவளிக்கு முன்னும் பின்னும். பித்தளை வளராது. பித்தளை பழையபடி இருக்கிறதென்றால் கேஜுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. நான் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டேன்.

“எங்க இடிக்குதுன்னு பாத்துர்லாம் சார். மார்க்கிங் ப்ளூ குடுங்க.”

உரசும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் நீலப்பசை அது. தீர்ந்து மூன்று வாரமாகிறது. வாங்கச் சொல்லி எழுத வேண்டியவன் யார் என்று அவள் கேட்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து கண்மையை எடுத்தாள். கூட்டின் தோளைச் சுற்றி, குழந்தைக்கு இடுவது போல நிதானமாக மை தீட்டினாள். உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றாமல் நேராக அழுத்தி, நேராக வெளியே எடுத்தாள்.

மை சுற்றிலும் கலையாமல் இருந்தது. ஒரு பக்கம் மட்டும், தீக்குச்சித் தலை அகலத்துக்கு, வழித்து எடுத்தது போல வெளுத்திருந்தது. அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் அதைச் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

“சார்… சந்தனம்.”

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பூஜையன்று ஒவ்வொருவரும் தங்கள் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ‘ஃபெலிக்ஸ் சார் கிறிஸ்துவர், அதனால் தன் சாமான்களைச் சும்மா விட்டுவிட்டார்’ என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று நான் அன்று ஒரு வேகத்தில் இருந்தேன். மைக்ரோமீட்டருக்கு வைத்தேன். டயலுக்கு வைத்தேன். நாற்காலிக்கும் வைத்தேன். கேஜுக்கு வெளியே வைத்தது போதாதென்று, முக்கியமான வேலை செய்வது உட்புறம்தானே என்று ஒரு குச்சி நுனியில் சந்தனம் எடுத்து உள்ளே விட்டு, தோள் இருக்கும் இடமாகப் பார்த்து ஓர் அப்பு அப்பினேன். விடுமுறை முழுக்க அது காய்ந்து கல்லாகியிருக்கிறது. காலையில் இருநூறு கூடுகளை அழுத்தி அழுத்தி நானே அதற்குப் பாலிஷும் போட்டிருக்கிறேன்.

சிவப்புச் சீட்டு கட்டிய இருநூறும் நல்ல சரக்கு. பச்சைச் சீட்டு கட்டிய பத்துதான் குப்பை.

பானுப்பிரியா பட்டறை வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“கிளீன் பண்ணிட்டு பாஸ் போட்டுடுங்க சார். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு வேலை இருந்தா போதும். முன்னாடி இருந்த கம்பெனில பாத்ரூம் போறதுக்கே டோக்கன் வாங்கணும் சார். திரும்ப அங்க போவ முடியாது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கேஜைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க என் மூளை வேகமாக வேலை செய்தது. மறுபரிசோதனையில் சரி என்று எழுதலாம். வானிலை என்று எழுதலாம். ஈரப்பதம் என்ற சொல்லை இதுவரை யாரும் என்னிடம் எதிர்த்துக் கேட்டதில்லை.

அப்போது மணவாளன் முதலாளி என் அறிக்கையைக் கையில் பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“யோவ் ஃபெலிக்ஸ், அப்ப இந்தப் பொண்ணு கணக்க முடிச்சிடலாமா?”

அவள் தலை குனிந்து அச்சைப் பழைய இடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஈரப்பதம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

“தப்பு அது மேல இல்ல சார்.”

“பின்ன யார் மேல?”

“சந்தனத்து மேல.”

“என்னய்யா உளர்ற?”

“கேஜுக்குள்ள சந்தனம் காஞ்சு போயிருந்தது. அதுதான் இடிச்சிருக்கு. கூடெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“கேஜுக்குள்ள எவன்யா சந்தனம் வச்சது?”

“பூஜை நல்லபடியா நடக்கணும்னு…”

“எவன்னு கேட்டேன்.”

“நான்தான் சார்.”

அவர் என் கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சிலுவையைப் பார்த்தார்.

“நீ கிறிஸ்டியன்யா!”

“அதனாலதான் சார், கொஞ்சம் அதிகமா வச்சுட்டேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வாசலில் வந்து நின்ற உத்தமன்தான் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். அறைப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த துப்பாக்கிக் குழல் துண்டு ஒன்றைப் பையில் கொண்டு வந்திருந்தார். இருநூறில் இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினார். ஒவ்வொன்றும் குழலுக்குள் சொத்தென்று போய்ச் சமமாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் பானுப்பிரியாவின் உதடு எண்ணியது. இருபது என்றதும் திரும்பிக்கொண்டு பிரஸ்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த பிரஸ்ஸை.

முதலாளி அன்றே அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். என் பழைய அறிக்கையைக் கிழித்து, வேறு எழுதச் சொன்னார். காரணம்: பரிசோதகர் கவனக்குறைவு. பெயர் என்ற இடத்திலும், பரிசோதித்தவர் கையொப்பம் என்ற இடத்திலும் ஒரே ஆள். அதோடு புது உத்தரவு ஒன்றும் போட்டார். தினமும் காலையில், நான் வேலை தொடங்கும் முன், என் கேஜை வேறொருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். யார் அந்த வேறொருவர் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பானுப்பிரியாவின் மேஜை முன்னால் கேஜோடு போய் நின்றேன். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“எண்ணெ ஜாஸ்தியா கீது சார். தொடச்சிட்டு எட்த்துகினு வாங்க.”

துடைக்கப் போனேன்.