மங்களம் இல்லாத நாடகம்

கூத்துப் பழக்கும் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணாவியார் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமியதுமே றோசமலருக்கு விளங்கிவிட்டது. மனிதர் மங்களம் பாடப்போகிறார்.

"வேண்டாம் அண்ணை."

"கூத்துக்காரனையும் நாடகம் எழுதினவனையும் மங்களம் பாடாமல் நாங்கள் அனுப்பிறேல்லை, பிள்ளை."

"அவருக்குப் பிடிக்காது. உங்களுக்குத் தெரியும்தானே."

அண்ணாவியாருக்குத் தெரியாமல் என்ன? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விலகி நின்றார்.

பெட்டிக்குள் கிடந்த றோசமலரின் கணவர் கோபஸ் தென்னாப்பிரிக்காக்காரர். கப்பல் மெக்கானிக்காக இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் இறங்கியவர், அங்குள்ள பழைய கிரேன்களோடும் மன்னார்க்காரி றோசமலரோடும் மாரடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். வாழ்நாளில் அவர் எழுதியது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஒரேயொரு ஓரங்க நாடகம். ஒரு பெண் மேசையில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "ஆரது, நீங்களோ?" என்று கேட்கிறாள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவோடு விட ஒருவருக்கும் மனம் வரவில்லை. முதலில் வெளியிட்ட சஞ்சிகை ஆசிரியர், வாசகர்கள் பாவம் என்று, கதவுக்கு வெளியிலிருந்து "ஓம், நான்தான்" என்றொரு பதிலைச் சேர்த்தார். பிறகு பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டவர்கள் இருவரையும் கட்டிப்பிடிக்கவும் வைத்தார்கள். பழையபடி மாற்றச்சொல்லி எழுதியெழுதிக் கோபஸுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பலேர்மோவின் போர்கோ வெக்கியோ கோவில் மண்டபத்தில் றோசமலர் அதைத் தமிழில் போட்டபோது, அண்ணாவியாரும் தன் பங்குக்கு, கூத்து முடிகிற முறைப்படி மங்களம் பாடி முடித்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கோபஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"என்ர அம்மாவுக்கு ஒருத்தரும் ஓம் சொல்லேல்லை," என்றார், றோசமலரிடம் பழகிய தமிழில். "அப்பா கடலுக்குப் போனவர். அம்மா ஒவ்வொரு தட்டலுக்கும் எழும்பி ஓடுவா."

கடைசியில் கேப் டவுனில் ஒரு சின்னப் பதிப்பகம், அவர் எழுதியபடியே போட ஒப்புக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி நாடகம் கைபேசிக்கு வந்தபோது கோபஸுக்கு நினைவு தப்பியிருந்தது. இனிச் சரி சொல்ல வேண்டியவள் றோசமலர்.

அடக்கம் முடிந்து வந்ததும் உறவுச்சனத்தை அனுப்பிவிட்டுக் குசினியில் உட்கார்ந்தாள். செத்த வீடு, அடுப்பு மூட்டவில்லை; சாப்பாடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். கைபேசியில் நாடகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். "ஓம், நான்தான்" அங்கே இல்லை. அதை எடுப்பிக்கத்தான் இத்தனை காலமாக அவரோடு சேர்ந்து அவளும் சண்டை பிடித்தாள். இன்றைக்கென்றால் அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்றிருந்தது. இரண்டே சொல். அவருடைய அந்தக் கொச்சைத் தமிழில் ஒருதரம் கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, இப்படியே போடுங்கள் என்று எழுதி அனுப்பினாள்.

கதவு தட்டப்பட்டது. வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு வரும் நாட்களில் கோபஸ் தட்டுவதுபோல, மெதுவாக.

"ஆரது," என்றாள். மிச்சம் தானாக வாயில் வந்துவிட்டது. "நீங்களோ?"

வெளியே அண்ணாவியாரின் செருமல் எழுந்து பாதியில் நின்றது. கதவிடுக்கால் சொதி வாசம் மட்டும் வந்தது.