ஞானதீபம் மார்க்

ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா பெத்தணன் பெட்டியைத் தராசில் ஏற்றவே இல்லை. மேலே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்ததும் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"பட்டாசு லோடெல்லாம் இந்த வண்டியில ஏறாது சார்."

"பட்டாசு இல்லை. எலும்புத் தகடு" என்றான் வேதமாணிக்கம்.

"விளக்கு எரியுது. பொறி வேற பறக்குது. சிவகாசியில அடிச்சதுதான?"

சிவகாசியில் அடித்ததுதான். பெயரும் படமும் போட்ட மார்க் இல்லாமல் எந்தச் சரக்கும் விலைபோகாது என்றார் அச்சகக்காரர் காளிராஜ். வேதமாணிக்கம் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தான். ஞானதீபம். காளிராஜ் பட்டாசு லேபிள் அடித்தே பழகியவர். குத்துவிளக்கை வரைந்து, சுடரைச் சுற்றி மத்தாப்புப் பொறியும் தூவிவிட்டார். லேபிளைப் பார்த்தபோது வேதமாணிக்கத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒட்டச் சொன்னான். ஒரு வருஷமாகவே அவனுக்கு எதுவும் தோன்றுவதில்லை.

முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் எஃகுத் தகடு அது. சீமையிலிருந்து கப்பலில் வந்து சேர்வதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிடும். இங்கேயே செய்யலாமென்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரும் அவனும் வருஷக்கணக்காகத் தகட்டை உப்புத் தண்ணீரில் போட்டும், நாயின் காலில் வைத்தும் பார்த்தார்கள். இப்போதுதான் முதல் ஆர்டர். சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. பெட்டி இன்று ஏறாவிட்டால் அவர்கள் கைவசமிருக்கும் சீமைத் தகட்டை வைத்துவிடுவார்கள். அடுத்த ஆர்டர் வராது.

"திறந்து பாருங்க" என்றான்.

பெத்தணன் ஆணியைப் பெயர்த்து, ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துளை வழியாக அவனையே பார்த்தார்.

"இதையா உடம்புக்குள்ள வைக்கீக? துருப்பிடிக்காது?"

"பிடிக்காது. வச்சு, எடுத்துப் பார்த்திருக்கோம்."

"எம்புட்டு லேசாச் சொல்லுதீக! முதல்ல தலையக் குடுத்த புண்ணியவான் ஆரு?"

"சைக்கிள்ல இருந்து விழுந்து ஒரு நர்சுக்குக் கை முறிஞ்சுது. நாய்க்கே வச்சீக, எனக்கு வச்சா என்னன்னு அவளே கேட்டா."

"ஆரு அது?"

வேதமாணிக்கம் லேபிளைக் காட்டினான். "ஞானதீபம். என் வீட்டுக்காரி."

"அட, வீட்டம்மா பேரா! நான் கம்பிமத்தாப்புன்னுல்ல நினைச்சேன்." பெத்தணன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தானே தூக்கித் தராசில் வைத்தார். சுடரின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் 'ஆஸ்பத்திரி சாமான்' என்று எழுதினார். ரசீதைக் கிழித்தபடி கேட்டார்: "இப்ப எப்படி இருக்காக?"

வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"மஞ்சக்காமாலையில போயிட்டா."

பெத்தணன் கேட்டது தகட்டைப் பற்றித்தான் என்பதுபோல வேதமாணிக்கம் மேலும் சொன்னான்.

"கை நல்லாயிருந்துச்சு. விழுந்த சைக்கிளையேதான் ஓட்டுனா, படுக்கையில விழுறவரைக்கும்."