இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஐஸ் பெட்டியின் வயர் பிளக்குக்கு இரண்டடி எட்டவில்லை. மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த பேச்சிமுத்துவின் வீட்டில் உருப்படியான ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, அப்பாவுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான் கிரீஷ். பையில் போன் அதிர்ந்தது. நேற்று சாயங்காலம் வைத்த ஸ்டேட்டஸுக்கு இன்னொரு சிரிப்புப் பொம்மை. அனுப்பியவருக்கு இன்னும் சாவுத் தகவல் போய்ச் சேரவில்லை போல.

இருபது விநாடி வீடியோ. நாற்காலியில் அப்பா. மடியில் கவிழ்த்த நாவல், நெஞ்சில் கை, கண்ணில் தண்ணீர், நெற்றியெல்லாம் வேர்வை. கீழே அவன் எழுதியிருந்தான்: ‘நாவல் தாக்கியதில் விளாங்குடிக்காரர் கவலைக்கிடம்.’ இப்போது அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். விட்டுவைத்திருந்தான்.

நாவலைக் கொடுத்தது அவன்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதையில் வரும் சின்னப்பிள்ளை சாகும். காலேஜ் பஸ்ஸில் கர்சீப்பைக் கடித்துக்கொண்டு அழுதிருந்தான். துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பா ஒரு வாரமாகப் படித்தார். அவன் கணக்குப்படி நேற்று அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.

“ஒரு மாதிரி அடைக்குதுடா,” என்றார் நேற்று.

“அடைக்கத்தான்ப்பா எழுதியிருக்காங்க. மூச்ச இழுத்து விட்டுட்டு மேல படிங்க.”

அப்பா படிக்கவில்லை. பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவைத்தார். ஏழு மணிக்குச் சரிந்தார்.

“சாயங்காலமே வலிச்சிருக்கணுமே, யாரும் பாக்கலையா?” என்று டாக்டர் கேட்டார். வீடியோவை அதுவரை நூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

தாய்மாமன் அழகுபாண்டி மாலையோடு வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

“நானும் பாத்தேன் மாப்ள. மச்சான் கத படிச்சு அழுகுறாருன்னு நாலு சிரிப்பு போட்டு விட்டேன். அம்புட்டு சோகமான கதையா?”

“ஆமா மாமா.”

“வலியில போகலண்ணே அவரு,” என்றாள் அம்மா. காலையிலிருந்து வருகிற எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “புள்ள குடுத்த கதைய நெனச்சு, மனசு எளகித்தான் போனாரு. டேய், அந்தப் புத்தகத்த எடுத்தா. அவரோடயே போகட்டும்.”

நாற்காலிக்கு அடியில் கிடந்தது. மாட்டுத்தாவணி பஸ் டிக்கெட் செருகியிருந்த இடத்தைப் பிரித்தான்.

பத்தொன்பதாம் பக்கம்.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கே அப்போதுதான் கல்யாணம் நடக்கிறது. பந்தியில் ரசத்துக்கு உப்பில்லை என்று சம்பந்திகள் சண்டை போடுகிறார்கள். அந்த இடத்தில் கிரீஷ் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்திருந்தான்.

மறுபடி பக்க எண்ணைப் பார்த்தான். பத்தொன்பதுதான்.

“எதுவரைக்கும்டா படிச்சிருந்தாரு?” என்றாள் அம்மா.

பெட்டியைச் சுற்றி எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். திரும்பி நின்று டிக்கெட்டை உருவினான். பக்கங்களைத் தள்ளினான். இருநூற்றுப் பன்னிரண்டு கிடைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அழுகுற எடம் வரைக்கும்மா.”

அம்மா தலையாட்டி வாங்கிக்கொண்டாள். மாமா மூடியைத் தூக்க, புத்தகத்தை அப்பாவின் கைப்பக்கம் வைத்தாள். மூடியதும் கண்ணாடியில் மெல்லப் பனி ஏறியது. டிக்கெட்டின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது.