இடுப்புயர விதி

மருதாணி வேலி ஆளுயரம் தாண்டி வளர்ந்துவிட்டதில் ஹமீது பீவிக்கு எந்த வெட்கமும் இல்லை. அதை வெட்டிவிடுகிறவர் அவள் புருசன் தாஜ் முகம்மது. அவரே மவுத்தான பிறகு வேலி யாருக்குப் பயந்து குட்டையாக நிற்கும்?

இப்போது அவளுக்கு அந்த உயரம்தான் வேண்டியிருந்தது. புருசனை இழந்தவள் இத்தா இருக்கிற நாலு மாதச் சொச்சமும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வேலி மறைத்ததால் தோட்டத்தில் உட்கார்ந்து ஆகாயத்தையாவது பார்க்க முடிந்தது. வீட்டுக்குள் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவர் செருமுகிற மாதிரியே இருந்தது. ஆகாயம் செருமாது.

பாளையங்கோட்டை ஓரத்தில் புதிதாக முளைத்த அந்த நகருக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் பக்கத்து வீட்டு தேவசிகாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பிரம்பை விட்டு வராதவர். வேலி இடுப்புக்கு மேல் போனால் திருடன் ஒளிவான் என்று தீர்மானம் போட்டவர், ஒரு காலையில் செடி வெட்டுகிற நாறும்பூநாதனோடு வந்து நின்றார்.

“ஏம்மா, விதின்னா எல்லாருக்கும் விதிதான். வெட்டிருதோம்.”

“நான் இத்தா இருக்கேன் சார்,” என்றாள் இலைகளுக்கு இந்தப் பக்கமிருந்து. “அது முடியட்டும். பிறகு மொட்டையே அடிச்சிக்கிடுங்க.”

“அதுவரைக்கும் உள்ள இருந்தா என்ன? ஃபேன் இருக்கு, டிவி இருக்கு.”

“உங்கள அப்படி வச்சுப் பூட்டவா? டிவி நான் தாரேன்.”

நாறும்பூநாதன் சிரித்துவிட்டான்.

“நீ என்னலே பல்லக் காட்டுதே? வெட்டுலே!”

அவள் உள்ளே போக வேண்டியதாயிற்று. கத்தரிச் சத்தம் ஓய்ந்தபோது வேலி இடுப்பளவில் நின்றது.

“விடுங்க மைனி,” என்றாள் கூட இருந்த நாத்தனார் ரைஹானத். “சண்டைக்கா போக முடியும்?”

“கொடியில துணி காயப்போடக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“இல்லையே. அவரு வீட்டுலயும் காயுதே.”

“அப்ப அந்தப் பெட்டியத் தொற.”

பெட்டியில் தாஜ் முகம்மதின் கைலிகள் இருந்தன. ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டியவை. ரைஹானத் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்று ஹமீது பீவி தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது அத்தனையையும் நனைத்துப் பிழிந்து, வேலியோரம் உயரமாகக் கயிறு கட்டி ரைஹானத் தொங்கவிட்டாள். கட்டம் போட்டது, சவூதியின் தமாமிலிருந்து வந்தது, சிகரெட் பொத்தல் விழுந்தது. உயிரோடு இருந்தபோது எந்த வேலை சொன்னாலும் நாளைக்கு என்ற மனுசன், இன்று வரிசையாக நின்று காவல் பார்த்தார்.

மூன்றாம் நாள் கைலிகளுக்கு அப்பால் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

“என்னம்மா இது?”

“துணி காயுது சார்.”

“மூணு நாளாவா?”

“பெரிய ஆளு துணி. பையத்தான் காயும்.”

“எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வாரவங்க பாட்டுப் புத்தகத்த விட்டுட்டு இதையேல்லா பாக்குதாங்க!”

“பாக்கட்டும் சார். நல்ல மனுசன் கட்டினதுதான்.”

தேவசிகாமணியின் குரல் இறங்கி வந்தது. “சரிம்மா. வேலி வளரட்டும், இனி வெட்டல. இத எடுத்துரும்.”

“வளந்த அன்னைக்கு எடுத்துருதேன் சார்.”

அவர் போய்விட்டார். ஹமீது பீவி நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

“மழை வரும்போல இருக்கு மைனி. எடுத்துரவா?”

“நனையட்டும்,” என்றாள். “நாளைக்கும் காயணும்லா?”