ஆர்விலின் மேக்னம்

மொன்டானாவில் கோல்டர் கிரீக் மதுக்கடையில் ஆர்வில் த்வைட்டின் துப்பாக்கிக்கு இருந்த மரியாதை மேயருக்குக்கூட இல்லை. முந்நூறு மேக்னம், பெரிய மிருகத்துக்கான பெரிய ரகம். ஒருமுறை சுட்டதில் எல்க் மான் விழுந்ததோடு, பின்னால் நின்ற பைன் மரமும் பயத்தில் உட்கார்ந்துவிட்டது என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். உட்கார்ந்த மரத்தைப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

உண்மையில் அவரிடம் இருந்தது இருநூற்று நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிற சின்ன ரகம். அதற்கான தோட்டாவை எண்பது மைல் தள்ளி, தன்னைத் தெரியாத ஊரில்தான் வாங்குவார்.

அந்த வருஷம் எங்கும் தோட்டா கிடைக்கவில்லை. வேட்டைக்கு மூன்று வாரம் இருந்தது. "சுட்டுப்போட்ட தோட்டாக் கூட்டுல நாமளே வெடிமருந்து அடைச்சுக்கலாம் மாப்ள" என்று மனைவியின் அண்ணன் லீலண்ட் அவரை வெர்னாவின் வேட்டைச் சாமான் கடைக்கு இழுத்துவந்தான்.

வெர்னா கையால் தோட்டா அடைக்கிற சின்ன பிரஸ் ஒன்றை எடுத்து வைத்தாள். ஆர்வில் அதை ஒதுக்கிவிட்டு, மணிக்கு ஐந்நூறு செய்கிற ராட்சத இயந்திரத்தைக் காட்டினார்.

"வருஷத்துக்கு எத்தனை சுடுவீங்கண்ணே?"

"மூணு."

"அப்ப இருபது நிமிஷத்துல ஐம்பது வருஷத்துக்கு ஆயிரும். அதுக்கப்புறமும் இருந்தீங்கன்னா வாங்க."

சின்னதே முடிவாயிற்று. அடுத்து மருந்து நிறுக்கும் தராசு.

"அது எதுக்கு? என் கண்ணே தராசு."

"அந்தக் கண்ணு இருக்கணும்னுதான் தராசு. எடுத்துக்கங்க. அப்புறம் அச்சு. அது தோட்டா அளவுக்கு அளவு மாறும். உங்களுக்கு எது?"

பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பினார்கள். "இதென்ன கேள்வி? முந்நூறு மேக்னம்!" என்றான் லீலண்ட்.

வெர்னா அதையே எடுத்தாள். ஆர்வில் கணக்குப் போட்டார். வாங்கினால் வேட்டை போச்சு. வாயைத் திறந்தால் இருபது வருஷம் போச்சு.

"இருநூத்தி நாப்பத்திமூணு குடும்மா."

"யாருக்கு?"

"பொண்டாட்டிக்கு."

"என் தங்கச்சி வேட்டைக்கு வர்றாளா? சொல்லவே இல்ல!" லீலண்ட் அங்கேயே போன் போட்டான். என்னையும் வேட்டைக்குக் கூட்டிப்போங்கள் என்று முப்பது வருஷமாகக் கேட்டு அலுத்த மிர்னா, அவன் முடிப்பதற்குள் சரி என்றாள். "அப்ப உன் மேக்னத்துக்கு, மாப்ள?"

"அது ரிப்பேருக்குப் போயிருக்கு மச்சான்."

இருந்த ஒரே துப்பாக்கி மிர்னாவிடம் போக, முகாமில் ஏழு நாளும் ஆர்வில்தான் சமையல். ஆறு பேருக்கு பான்கேக் சுட்டு, தட்டுக் கழுவினார். மிர்னா மூன்றாம் நாள் ஒரே தோட்டாவில் எல்க்கைச் சாய்த்தாள். ஊரே அவளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தது.

"அந்தத் தோட்டாவை அடைச்சது யாருன்னு எவனாவது கேக்கறானா?" என்று ஆர்வில் முணுமுணுத்தார்.

"அடுத்த வருஷத்துக்கும் மூணு அடைச்சு வைங்க" என்றாள் மிர்னா, அவர் துப்பாக்கியைத் துடைத்தபடி. "மேக்னம் ரிப்பேர் முடிஞ்சு மெதுவா வரட்டும். அவசரமே இல்லீங்க."