முதுகில் குழியுள்ள மட்டை

பாய்லர் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டு அடுப்பில் பால் தானாகப் பொங்கும் என்பது சுத்த மிகை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார். ஆலை ஆலையாகப் போய்க் கொதிகலன்களைத் தட்டிப் பார்த்து, வெடிக்காது என்று கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை கோபத்தை அங்கேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். ஓய்வுக்குப் பிறகு அதற்கு ஒரு போக்கிடம் தேவைப்பட்டது. கோல்ஃப் ஆட வந்தார்.

அவருடைய ஹேண்டிகேப் இருபத்துநாலு. ஒருவர் எவ்வளவு மோசமாக ஆடுவார் என்பதை அவர் மனம் நோகாமல் சொல்வதற்காகக் கண்டுபிடித்த எண் அது. எண் ஏற ஏற ஆட்டம் இறங்கும். இருபத்துநாலு என்றால், பந்தை அடிக்கிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம் அதிகம்.

ஆனால் பையில் இருந்ததோ சாம்பியன்கள் வைத்து ஆடுகிற மெல்லிய இரும்பு மட்டைகள். நடுவில் ஒரு நாணயம் அகல இடத்தில் பந்து பட்டால் பட்டதே தெரியாது. கொஞ்சம் விலகினால் மட்டை கையிலேயே முறுக்கிக்கொள்ளும்; அந்த அதிர்ச்சி முழங்கை வழியாக ஏறி, தோளைச் சுற்றி, கடைவாய்ப் பல்லில் போய் நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பல்லில்தான் போய் நின்றது. பந்து வலது பக்கம் திரும்பி வாய்க்காலுக்குள் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் அங்கே இருந்த தவளைகள் குடும்பத்தோடு எதிர்க்கரைக்குக் குடிபோயின.

கூட ஆடுகிற மூன்று பேரில் அவர் மனைவியின் தம்பியும் ஒருவன். பல் டாக்டர். வாயைத் திறந்தவர்களையே பார்த்துப் பார்த்து, எதிரே இருப்பவர் கத்தினால் அசையாமல் நிற்கப் பழகியவன்.

"மாமா, கோச்சுக்காதீங்க. முதுகுல குழி வெச்ச மட்டை ஒரு செட் வாங்கிடலாம். கோணலா பட்டாலும் நேரா போகும்."

"கோணலா பட்டா கோணலாத்தான்டா போகணும்! நேரா போனா அப்புறம் ஒழுங்கா அடிக்கிறவனுக்கு என்னடா மரியாதை?"

இரண்டாமவர் வக்கீல். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாய்லர் சார், போன வாரம் உங்க பந்தைத் தேடித் தேடி இருட்டிப்போச்சு. கொடிக்கம்பம்னு நினைச்சு நான் தோட்டக்காரரைக் குறி வெச்சேன். இப்படியே போனா சரிப்படாது. அடுத்த ஞாயிறும் இதே கதைன்னா, உங்க இடத்துல மரக்கடைக்காரரோட தம்பி வருவாரு."

மூன்றாமவரான மரக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். மழை வரும் அறிகுறி எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டருக்குச் சுரீர் என்றது. அவரை இப்போதும் 'பாய்லர் சார்' என்று கூப்பிடுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். வாரத்தில் மற்ற நாட்களில் அவர் வெறும் 'ஏங்க'. அது போய்விடும் என்ற பயம் வந்ததும், வழக்கம்போல அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நல்லா கேட்டுக்கோங்க! முதுகுல குழி உள்ள மட்டையால இங்க நான் ஒரு பந்து அடிச்சேன்னா, அன்னியோட இந்த மைதானத்துல காலெடுத்து வைக்க மாட்டேன்!"

வக்கீல் அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் மனதில் வாங்கிக்கொண்டார். தொழில் பழக்கம்.

இரண்டு நாள் கழித்து, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாத ஊரில் யாருக்கும் தெரியாத மட்டைக் கடைக்குள் நுழைந்தார் இன்ஸ்பெக்டர். கடைக்காரர் அவருடைய பழைய மட்டையின் முகத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, வலைக்குள் பத்துப் பந்து அடிக்கச் சொன்னார். பந்து பட்ட இடத்தில் கறுப்புத் தடம் விழும்.

"என்ன சார், எறும்பு ஊர்ந்த மாதிரி எங்க பார்த்தாலும் இருக்கு. நடுவுல மட்டும் ஒண்ணையும் காணோம்."

"நீ ஸ்டிக்கரைக் கோணலா ஒட்டியிருக்கே!"

கடைக்காரர் நல்ல மனிதர். வேறு ஸ்டிக்கர் ஒட்டினார். எறும்புகள் மறுபடியும் அதே வழியில் ஊர்ந்தன. பிறகு புது மட்டை ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "முகம் அகலம் பாருங்க. நடு எடையை எடுத்து ஓரத்துக்குத் தள்ளியிருக்காங்க, அதான் முதுகுல குழி. ஓரத்துல பட்டாலும் முறுக்காது. அடிப்பக்கம் தடிப்பு, மண்ணுல குத்திக்காம வழுக்கிட்டுப் போகும். பந்து தானா எழும்பும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க சார், நம்பர் குறைஞ்சா தூரம் கூடும்னு உங்களுக்கே தெரியும், இதுல ஏழாம் நம்பர் உங்க பழைய ஆறாம் நம்பர் தூரம் போகும்."

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார், கடைசி வாக்கியத்தைத் தவிர. அந்த நேரம் குழியை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மட்டையைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே கோணலாக அடித்தார். பந்து நல்ல பிள்ளையாக நேரே போனது. இன்னும் கோணலாக அடித்தார். அதுவும் நேரே போனது. வாழ்க்கையில் யாரும் அவரை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை. அங்கேயே வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேடையில் மட்டைகளைக் குப்புறப் படுக்கவைத்தார். குழாய்க் கசிவை அடைக்கிற உலோகப் பசையைக் கலக்கி, ஒவ்வொரு குழியையும் நிரப்பி, மேலே வெள்ளிப் பெயின்ட் பூசினார்.

"ஏங்க, அது நான் மாவு கரைக்கிற கிண்ணம்" என்றாள் மனைவி.

"இப்ப இது என் கிண்ணம்."

"குழி இருக்கிறதாலதான் நேரா போகுதுன்னு சொன்னீங்க. அதைப் போய் அடைக்கிறீங்களே?"

"அகலம் இருக்கு, தடிப்பு இருக்கு. அது போதும்."

"ஊர்ல உள்ள பாய்லருக்கெல்லாம் ஆவி வெளியேற வால்வு இருக்கான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தீங்க. இல்லைன்னா ஆலையையே மூடினீங்க. நீங்க மட்டும் வால்வு இல்லாம ஓடணுமா?"

அவர் ஒரு கதவை ஓங்கிச் சாத்தினார். ஃப்ரிட்ஜ் கதவு, கைக்கெட்டியது அதுதான்.

"அதுவும் அடைக்கிற லட்சணத்தைப் பாருங்க. குழி அடைக்கவே படிச்சவன் என் தம்பி ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட..."

"அவன் பேரை எடுத்தே, அவ்வளவுதான்!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பந்துக்குப் பழக்க தோஷத்தில் ஏழாம் நம்பரை எடுத்து, வழக்கமான ஆத்திரத்தோடு வீசினார். பந்து கொடிக்கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சாலையில் போய்க்கொண்டிருந்த மணல் லாரியில் விழுந்தது. லாரி நிற்கவில்லை. அவர் வாழ்நாளில் அடித்த மிக நீண்ட அடி அது. விசாரித்தவரையில் பந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

"ஆனா நேரா போச்சு சார்" என்றார் மரக்கடைக்காரர், ஆச்சரியம் தாங்காமல்.

பாராட்டைக்கூட அவரால் நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. கடைக்காரன் சொல்லவே இல்லை, அயோக்கியன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த கொடிக்கம்பம் இன்னும் தள்ளி இருந்ததால் ஐந்தாம் நம்பரை எடுத்தார். லாரி மேல் இருந்த கோபம், கடைக்காரர் மேல் இருந்த கோபம், ஃப்ரிட்ஜ் மேல் மிச்சமிருந்தது எல்லாவற்றையும் சேர்த்து ஓங்கி ஒரு வீச்சு. பந்து ஒரு பக்கம் பறந்தது. மட்டையின் முதுகிலிருந்து சாம்பல் நிறக் கட்டி ஒன்று மறுபக்கம் பறந்து, வக்கீலின் பூட்ஸ் பக்கத்தில் டொக்கென்று விழுந்தது.

வக்கீல் குனிவதற்குள் மச்சினன் குனிந்துவிட்டான். கட்டியை விரலால் ஒரு தடவை தடவினான். ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் குழியின் வடிவம் அப்படியே. இருபது வருடமாக அவன் பார்ப்பது இதைத்தான். முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்னோடது. பேஷன்ட்டோட கடைவாய்ப் பல் அச்சு. பையிலேருந்து விழுந்துடுச்சு."

"இவ்வளவு பெரிய பல்லா? யாருய்யா பேஷன்ட், குதிரையா?" என்றார் வக்கீல்.

"பெரிய இடத்து ஆளு. பேரைச் சொல்லக் கூடாது."

அதோடு விஷயம் முடிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் தப்பித்திருப்பார். ஆனால் தப்பிக்க வைத்தது யார்? இவனா? எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அழுதுகொண்டு தன்னிடம் ஓடிவந்த இந்தப் பொடியனா? கழுத்து நரம்பு புடைத்தது. காது மடல் சிவந்தது. தவளைகள் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீருக்குள் போய்விட்டன.

"அது பல்லு இல்லைய்யா!" என்று கத்தினார். "என் மட்டையோட அடைப்பு! குழியுள்ள மட்டைதான் வாங்கினேன், நான்தான் அடைச்சேன், நான்தான் பெயின்ட் அடிச்சேன்! எனக்காக இவன் பொய் சொல்ல வேண்டாம்! சொன்னது சொன்னதுதான். வர்றேன்!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். முதுகு விறைப்பாகத்தான் இருந்தது. கால்கள் மட்டும் வேண்டுமென்றே மெதுவாகப் போயின.

"நில்லுங்க பாய்லர் சார்" என்றார் வக்கீல். கட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "முதுகுல குழி உள்ள மட்டையால இங்க பந்து அடிச்சா, அப்படின்னுதானே சொன்னீங்க? நீங்க அடிச்சப்ப குழி அடைபட்டுத்தான் இருந்தது. பந்து போன பிறகுதான் குழி வந்தது. வாக்கு மீறினதா ஆகாது."

"ஆகாதா?"

"ஆகாது. ஆனா இனிமே இந்த அஞ்சாம் நம்பரைத் தொட்டீங்கன்னா ஆகும். மத்ததுலயும் எதுல அடைப்பு விழுதோ, அதை அப்பவே பையில போட்டுடணும். ஆட்டம் முடியறதுக்குள்ள எல்லாம் விழுந்துட்டா, வீட்டுக்குப் போங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். அதன் பிறகு, சான்றிதழ் காலாவதியான கொதிகலனுக்குப் பக்கத்தில் நடப்பவரைப் போல ஆடினார். மட்டையை மெல்லத் தூக்கினார், மெல்ல இறக்கினார். உள்ளே கோபம் கொதித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதைக் கைக்கு அனுப்ப வழியில்லை. அனுப்பினால் அடைப்பு விழும். பந்து எழும்பிப் போய்க் கொடிக்கம்பத்தருகே உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. ஒவ்வொரு பந்து உட்காரும்போதும் அவருக்கு ஆத்திரம் ஒரு படி ஏறியது. இத்தனை வருடம் ஓங்கி ஓங்கி அடித்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்?

வெயில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்தது. தேடுவதற்கு ஒரு பந்துகூட இல்லாததால் வக்கீலுக்குக் கை சும்மா இருந்தது.

"தம்பியை வேற வேலை பார்க்கச் சொல்லிடறேன்" என்றார் மரக்கடைக்காரர்.

"சொல்லுங்க" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை, நோயாளிகள் வருவதற்கு முன், பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் இரும்பு மட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. மச்சினன் முகமூடி மாட்டிக்கொண்டு, விளக்கைத் தாழ்த்தி, சின்னக் கண்ணாடியால் ஐந்தாம் நம்பரின் குழிக்குள் பார்த்தான்.

"யாருங்க இதை முன்னாடி அடைச்சது? ஈரத்தைத் துடைக்காமலே அடைச்சிருக்காங்க."

"பேசாம அடைடா."

"லேசான பசையா போடறேன். கனம் கூடாது. ஆனா மெல்ல அடிச்சாத்தான் நிக்கும்." கடைசி மட்டையையும் முடித்து, எல்லாவற்றையும் எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தான். விளக்கை அணைக்கவில்லை. "அடுத்தது நீங்க ஏறுங்க, மாமா."

"நானா? எனக்கு என்ன?"

"இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சிருக்கீங்க. கடைவாய்ல கண்டிப்பா விரிசல் இருக்கும். ஏறுங்க."

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். விளக்கை முறைத்தார். பிறகு நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, கோபம் கொஞ்சமும் குறையாமல், சத்தம் எதுவும் போடாமல், வாயைத் திறந்தார்.