மாப்பிள்ளையோடு நடந்து போனது

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து மாமியார் வழி சொல்லிக்கொண்டே வந்தார். மருமகள் தினமும் கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்வரும் சாலைதான். இருந்தாலும் "ஓரமாப் போ", "அந்த வேன்காரன் திரும்பப் போறான் பாரு" என்று காதுக்குள் ஓதாமல் அவரால் சவாரி செய்ய முடியாது. சில நாள் எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அது அவளுக்கு வேண்டியதாகவும் இருந்தது. வருஷக் கடைசி வாரம் தொடங்கிவிட்டது. எந்த அலுவலகத்திலும் மதியச் சாப்பாட்டோடு வேலை முடிந்து, விருந்து என்ற பெயரில் பாட்டில் திறந்திருப்பார்கள். இந்த வாரம் பட்டப்பகலிலேயே வண்டிகள் ஒரு தினுசாகத்தான் ஓடுகின்றன. கிளம்பும்போது கணவனும் சொல்லித்தான் அனுப்பினான்: "மெதுவாப் போ. எவனாவது அவசரமா வந்தா வழி விட்டுடு. ரோஷம் பாக்காத."

நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை புதிதாகக் கார் வாங்கியிருந்தார். சாயங்காலம் எல்லாரையும் அதில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. பேத்தி காலையிலிருந்தே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறாளாம்.

பின்னால் ஏதோ பஸ்ஸின் ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வருவது தெரிந்தது. அவள் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரை அப்படியே மண்ணில் இறக்கிவிட்டாள். கார் மாமியாரின் முழங்காலை ஒட்டிக் காற்றாகக் கடந்து, நடைபாதைக் கல்லில் ஒருமுறை முட்டி, நேராகிப் போனது. மாமியாருக்கு வசவு மொத்தமாக வந்தது.

"குடிச்சிட்டு ஓட்டுறான் பாரு, கட்டைல போறவன். இவனையும் நம்பி ஒருத்தி பொண்ணு குடுத்திருக்கா பாரேன். அந்தப் புண்ணியவதி கண்ணுல பட்டா நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"கேளுங்க அத்தை. முதல்ல நல்லாப் புடிச்சுக்கோங்க" என்றாள் மருமகள். ஸ்கூட்டரை மண்ணிலிருந்து மெல்லச் சாலைக்கு ஏற்றினாள்.

அடுத்த திருப்பத்துப் பெட்ரோல் பங்க்கில் அதே கார் நின்றிருந்தது. காற்றடிக்கும் இடத்தில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், குழாயை வால்வில் பொருத்தத் தெரியாமல் பொருத்தப் பார்த்தபடி ஒரு மனிதர் குந்தியிருந்தார். சட்டை பாதி வெளியே தொங்கியது. "நிறுத்து" என்றார் மாமியார், நாலு வார்த்தைகளையும் தயாராக வைத்துக்கொண்டு. அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அத்தை, வாங்க வாங்க" என்றார்.

மாமியார் ஸ்கூட்டரிலிருந்து உடனே இறங்கவில்லை. மருமகள் வேறெங்கோ பார்த்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

மாமியார் வீட்டில் இந்த மாப்பிள்ளையை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் மிரட்டுகிற ஆளும் இல்லை. மாமியார் காலில் சுளுக்கு என்றால் தானே எண்ணெய் சுட வைத்துக்கொண்டு வருவார். அதனாலேயே அவரிடம் ஒன்றைச் சொல்வது இன்னும் கஷ்டம். மாமியார் மெல்ல இறங்கி, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, அவர் அருகில் போனார்.

"ஸ்கூட்டர்ல வந்து இடுப்பே போச்சு மாப்பிள்ளை. வீடு பக்கந்தானே, கொஞ்சம் நடந்தாத்தான் சரியாகும். துணைக்கு வர்றீங்களா?"

"எதுக்கு அத்தை? கார்ல ஏறுங்க. இப்பப் போயிடலாம்."

"கார் வேண்டாம்."

"ஏன், நல்லாத்தான் ஓட்டுவேன்."

மாமியார் உள்ளங்கையை நீட்டினார். "சாவி" என்றார். குரல் உயரவில்லை. மகளின் கல்யாண நாளிலிருந்து அந்தக் கை மாப்பிள்ளைக்குப் பரிமாறித்தான் பழக்கம். எதையும் கேட்டு நீண்டதில்லை. மாப்பிள்ளை சிரித்துப் பார்த்தார். கை அப்படியே இருந்தது. பங்க் ஆட்கள் இந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியபோது, சாவியை அதில் வைத்தார்.

கார் இங்கேயே ஓரமாக நிற்கட்டும் என்று மருமகள் பங்க் ஆளிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் இருவரும் தெருவில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளையிடமிருந்து வீசிய வாடை ஸ்கூட்டர் வரைக்கும் வந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் கட்டாயப்படுத்தினாங்க அத்தை. கொஞ்சம்தான்" என்றார். மாமியார் நடையை நிறுத்தாமலே கேட்டார்.

"வர்ற வழியில ஒரு ஸ்கூட்டரை இடிக்கப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஸ்கூட்டரா? எந்த ஸ்கூட்டர்?"

"நாங்கதான்."

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் பக்கத்திலிருந்த வீட்டு மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"நான் பாக்கவே இல்ல அத்தை. சத்தியமாத் தெரியல."

"அதுதான் மாப்பிள்ளை எனக்குப் பயமா இருக்கு" என்றார் மாமியார். "தெரிஞ்சே இடிக்க வந்திருந்தாக்கூடத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

மாப்பிள்ளை முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். மகள் காருக்காக வாசலிலேயே நிற்பாள் என்று முணுமுணுத்தார். பிறகு, "அவகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார். யாரைச் சொல்கிறார், மனைவியையா மகளையா என்று மருமகளுக்குப் புரியவில்லை.

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுங்க. ஏரிக்கரை நாளைக்கும் அங்கதான் இருக்கும். வாங்க, போய் மோர் குடிக்கலாம்."

மாப்பிள்ளை அவரோடு நடந்தார். கால் அவ்வப்போது சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு லாரி வரும் சத்தம் கேட்டதும் மாமியார் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்து மதில் பக்கம் தள்ளிவிட்டு, தான் சாலைப் பக்கம் மாறிக்கொண்டார். லாரி போன பிறகும் பிடியை விடவில்லை. மருமகள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இரண்டு கால்களாலும் தரையை உந்தியபடி, அவர்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, விலகிப் போயின.